நான்கு மாதம் நிறையாத எதிர்க்கட்சி: ஊவாவில் ஹரின் பெர்னாண்டோ, தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2014 செப்டெம்பரில் எங்கள் பெரியம்மா வீட்டுக் காம்பிராவின் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் மூன்று எண்கள் எழுதியிருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று; முதலாவதைச் சுற்றி ஒரு வட்டம். பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. எண் வரும், கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. தம்பி அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“யானைக்கு ஒரு புள்ளடி. அப்பறம் இந்த மூணு நம்பருக்கும் புள்ளடி. வட்டம் போட்டது மொதல்ல.”

“வட்டத்துக்காரரு யாருடா?”

“ஹரினு. சிங்களவரு. முதலமைச்சருக்குக் கேக்கிறாரு.”

“மத்த ரெண்டும்?”

“நம்ம ஆளுக.”

கட்சிச் சின்னத்துக்குப் போட்டபின் அதன் வேட்பாளர் எண்களுக்குப் போடும் விருப்பு வாக்கில் மூன்று புள்ளடிக்கும் ஒரே மதிப்புத்தான், எதை முதலில் போட்டாலும் கணக்கு மாறாது. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வரிசை முக்கியம். நம்ம ஆளுகளைக் கீழே இறக்கி, முகம் பார்த்தறியாத ஒருவரின் எண்ணுக்கு வட்டம் போட்டார்கள் என்பதுதான் அந்தத் தேர்தலின் சேதி. அந்த வட்டத்துக்குள் இருந்தவர் மாகாண எதிர்க்கட்சி அரசியலில் எப்படி இறங்கினார், எப்படி ஏறினார், அவர் எழுந்து போன நாற்காலி என்ன ஆனது, அது தோட்டத்துக்கு எதைக் கொடுத்தது என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்ததா?

முதலில் 2009க்குப் போக வேண்டும். போர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத ஆகஸ்ட் மாதத்தில், பதுளை, மொனராகலை மாவட்டங்கள் சேர்ந்த ஊவா மாகாணத்தின் சபைத் தேர்தல் நடந்தது. மொத்த ஆசனம் 34. வெற்றிலைச் சின்னத்தில் கேட்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 72 வீத வாக்குடன் 25 ஆசனங்களை அள்ளிக்கொண்டது. யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐ.தே.க.) 22 வீதம், 7 ஆசனம். ஜே.வி.பி.க்கு ஒன்று, மலையக மக்கள் முன்னணிக்கு ஒன்று. அந்த மலையக ஆசனத்தை எதிர்க்கட்சிக் கணக்கில் சேர்ப்பதா என்பதே ஒரு கேள்வி. முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரன் அப்போது கொழும்பில் அதே அரசாங்கத்தின் அமைச்சர். பதுளையில் தனியாகக் கேட்டார்கள், கொழும்பில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இது மலையகத்தில் யாருக்கும் வியப்பாகப் படவில்லை.

படாததற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தில் ரோட்டுக்குத் தார் வேண்டுமா, லயத்துக்குத் தகரம் வேண்டுமா, பிள்ளைக்கு ஆசிரியர் நியமனம் வேண்டுமா, எல்லாமே அரசாங்கப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கடிதத்தில்தான் அசையும். 1977 தேர்தலில் வென்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறு ஆண்டே ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குள் போனார், 1999இல் இறக்கும்வரை அநேகமாக அரசாங்கப் பக்கமே இருந்தார். 1994இல் நுவரெலியாவில் ஒற்றை ஆசனம் வென்ற சந்திரசேகரனின் கையில்தான் சந்திரிகாவின் பெரும்பான்மையே தொங்கியது. பொதுசன முன்னணி 105, முஸ்லிம் காங்கிரஸ் 7, அதோடு இவர் ஒருவர் சேர்ந்தால் 113. அவரும் பிரதியமைச்சரானார். அதனால் ‘எதிர்க்கட்சி’ என்ற சொல் எங்கள் பக்கத்தில் தங்கும் இடமாக இருந்ததேயில்லை. பஸ் வரும்வரை நிற்கும் தரிப்பிடம் மாதிரி.

அப்படிப்பட்ட ஒரு மாகாணத்தில், பாராளுமன்றத்தில் இருந்த ஒருவர் அந்த ஆசனத்தை விட்டுவிட்டு மாகாண சபைக்குக் கேட்கிறேன் என்று இறங்கி வந்தார்.

இறங்கி வந்த கணக்கு

ஹரின் பெர்னாண்டோ 2010இல் பதுளை மாவட்டத்திலிருந்து ஐ.தே.க. சார்பில் பாராளுமன்றம் போனவர். 2014இல் அதிலிருந்து விலகி, ஊவா முதலமைச்சர் வேட்பாளராக நின்றார். எதிரே இருந்த முதலமைச்சர் சஷீந்திர ராஜபக்ஷ, ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் அண்ணன் சமல் ராஜபக்ஷவின் மகன். அரச இயந்திரம் முழுவதும் அந்தப் பக்கம். தோற்றால் பாராளுமன்றமும் இல்லை, முதலமைச்சரும் இல்லை, மாகாண சபையின் எதிர்வரிசை மட்டும் மிச்சம்.

தோட்டத்துக்காரன் கண்ணுக்கு இதில் ஒரு பக்க விளைவு முக்கியமாகப் பட்டது. ஹரின் விட்டுப்போன பாராளுமன்ற ஆசனம் க. வேலாயுதத்துக்குப் போனது. அவர் ஐ.தே.க.வின் தொழிற்சங்கமான இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர். சிங்களத் தலைவர் மாகாணத்துக்கு இறங்க, தோட்டத் தொழிற்சங்கக்காரர் கொழும்புக்கு ஏறினார். அந்த ஏணியை யாரும் திட்டமிட்டு வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் லயங்களில் அது நன்றாகவே பேசப்பட்டது. “அவரு எறங்குனதாலதான் நம்மாளு ஏறுனாரு” என்று பசறைப் பக்கம் ஒரு தோட்டத் தலைவர் சொன்னது நினைவிருக்கிறது. வட்டம் போட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சம்பளம் மட்டும் மேடையில் சரியாக வரவில்லை. 2013இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி அப்போது நாட்கூலி எல்லாம் சேர்த்து 620 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 450. அந்த ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரப்பில் கையெழுத்திட்டவை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி என்ற மூன்றும். அரசாங்கத்தில் இருந்த காங்கிரஸும் எதிர்க்கட்சியின் சங்கமும் ஒரே தாளில் பேனா வைத்திருந்தன. அப்புறம் எந்த மேடையில் ஏறி, யாரைப் பார்த்து, “620 ரூபா போதுமா?” என்று கேட்பது? கேட்டார்கள்தான். ஆனால் கேட்டவரின் குரலில் ஒரு பிசிறு இருந்தது, கீழே நின்றவர்களுக்கும் அது தெரிந்தது.

செப்டெம்பர் 20

முடிவு வந்தது. மாகாண அளவில் கூட்டமைப்பு 51 வீதம், ஐ.தே.க. 40 வீதம். ஆசனக் கணக்கு 19, 13, ஜே.வி.பி.க்கு 2. ஆளுங்கட்சி வென்றது. ஆனால் ஐந்து ஆண்டில் 72 வீதம் 51 ஆனதை வெற்றி என்று கொண்டாட யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பதுளை மாவட்டத்தில் கூட்டமைப்புக்கு 209,056 வாக்கு, 9 ஆசனம். ஐ.தே.க.வுக்கு 197,708 வாக்கு, 8 ஆசனம். ஜே.வி.பி.க்கு ஒன்று. அதாவது பதுளையில் ஆளுங்கட்சி 9, எதிரணி 9. சரிக்குச் சரி. மொனராகலையில் கூட்டமைப்புக்கு 140,850 வாக்கு, 8 ஆசனம், எதிரணிக்கு 6. அதற்கு மேல், மாகாணத்தில் வென்ற கட்சிக்கு 2 போனஸ் ஆசனம். ஆகவே 19க்கு 15 என்ற அந்த நான்கு ஆசன வித்தியாசம் முழுவதும் மொனராகலையிலிருந்தும் போனஸிலிருந்தும் வந்தது. பதுளை மாவட்டம் தன் பங்கைச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

இன்னொன்று. 2009இல் பதுளைக்கு 21 ஆசனம், மொனராகலைக்கு 11. 2014 தேர்தலுக்கு முன் பதுளையில் மூன்று குறைந்து 18 ஆனது. மொனராகலையில் மூன்று கூடி 14 ஆனது. அப்போதே இது பெரிய வாக்குவாதமானது. எட்டு ஆசனம் எடுக்கப் பதுளையில் ஐ.தே.க.வுக்கு 197,708 வாக்கு தேவைப்பட்டது. மொனராகலையில் அதே எட்டு ஆசனத்தைக் கூட்டமைப்பு 140,850 வாக்கில் எடுத்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு ஆசனத்துக்கு இங்கே ஏறக்குறைய 24,700 வாக்கு, அங்கே 17,600. ஊவாவின் தோட்டத் தமிழர் எல்லாரும் கிட்டத்தட்ட பதுளைப் பக்கம்தான். 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் தமிழர், மொனராகலையில் மிகச் சொற்பம். மூன்று ஆசனம் மலையிறங்கிப் போனபோது யாருடைய வாக்கு இளைத்தது என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம்.

ஹரின் வாங்கிய விருப்பு வாக்கு 173,993. பதுளையில் யானைக்குப் போட்டவர்களில் நூற்றுக்கு 88 பேர் அவருடைய எண்ணுக்கும் புள்ளடி போட்டிருக்கிறார்கள். பெரியம்மா வீட்டுக் கதவின் வட்டம் எத்தனை கதவுகளில் இருந்திருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். இப்படி வாங்கிய ஒருவர் மாகாண சபையில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார்.

எதிர்க்கட்சித் தலைவரால் என்ன முடியும்: மீரியபெத்தை

தேர்தல் முடிந்து 39 நாள். 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள், கோயில், கடை, பால் சேகரிக்கும் இடம் எல்லாம் மண்ணுக்குள். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் போனார்கள். முதல் நாட்களில் காணாமற்போனவர் தொகையை நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு அது முப்பத்துச் சொச்சமாகக் குறைந்தது. சரியான கணக்கு எடுக்கவே நாட்கள் ஆனதற்குக் காரணம், அந்த லயங்களில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு உருப்படியான ஒரு பதிவு இல்லாததுதான். தோட்டத்துக்காரனுக்கு முகவரி இல்லை என்று பல காலமாகச் சொல்லிவந்ததை மண் வந்து நிரூபித்தது.

அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. போவதற்குக் காணி இல்லை.

இங்கேதான் மாகாண எதிர்க்கட்சி என்ற பதவியை எடை போட முடிகிறது. காணி அரசுடையது, 1992 முதல் 53 ஆண்டுக் குத்தகையில் கம்பனிகளிடம். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொழும்பு அமைச்சின் கீழ். அனர்த்த முகாமைத்துவம் கொழும்பின் கீழ். மாவட்டச் செயலாளர் கொழும்புக்குப் பதில் சொல்கிறவர். பெருந்தோட்டம் என்ற துறையே மத்திய அரசாங்கத்தின் துறை. மாகாண சபையின் கைக்குள் இருந்தது எது? உயிர் தப்பியவர்களைத் தங்க வைத்த பாடசாலைக் கட்டடம். முதலமைச்சரே அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லாத இடத்தில் எதிர்க்கட்சித் தலைவர் என்ன செய்வார்? வந்தார், பார்த்தார், பேசினார், பொருட்கள் வந்து சேர உதவினார். கொழும்பிலிருந்து வாகனத் தொடர்களும் வந்தன. வீடுகள் கையளிக்கப்பட இரண்டு ஆண்டு ஆனது. அதுவரை பல குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் துணி கட்டி மறைத்துக் குடித்தனம் நடத்தின.

அந்த நவம்பரில் நானும் ஒரு கடிதம் கொண்டு அலைந்தேன். எங்கள் பக்கத்து வித்தியாலயத்தின் பின்மதில் மழைக்கு வெடித்து, வகுப்பறைப் பக்கம் சாய்ந்து நின்றது. கொஸ்லந்தைக்குப் பிறகு எல்லாருக்கும் மண் பயம். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டைப் அடிப்பவரிடம் போய்க் கடிதம் அடித்தோம். பெற்றோர் 41 பேர், அதில் பாதிப் பேர் கைநாட்டு. கடிதத்தின் அடியில் ‘பிரதி’ என்று போட்டு ஐந்து வரி: முதலமைச்சர், மாகாணக் கல்வி அமைச்சர், மாகாண சபை எதிர்க்கட்சித் தலைவர், வலயக் கல்விப் பணிப்பாளர், தோட்ட முகாமையாளர். டைப் அடித்தவர் மூன்றாவது வரியில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எதிர்க்கட்சிக்குப் போட்டா மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா தம்பி?” போடுங்கண்ணே என்றேன்.

எதிர்வரிசையில் இருந்த ஒரு உறுப்பினரை நேரில் பார்க்கவும் வாய்த்தது. பேர் வேண்டாம். நல்ல மனிதர், தேத்தண்ணி கொடுத்தார். கடிதத்தை முழுவதும் வாசித்துவிட்டு, “சபையில கட்டாயம் கேக்கிறேன். ஆனா காசு ஒதுக்குறது அவங்க. நீங்க அந்தப் பக்கத்து ஆளு யாரையும் புடிச்சீங்கன்னா சீக்கிரம் நடக்கும்” என்றார். பொய் சொல்லாததற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மதிலைக் கடைசியில் பெற்றோரே காசு போட்டு இடித்தோம். திரும்பக் கட்டுவதற்கு அடுத்த வருடம் ஆனது.

281

நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிப்பு வந்தது. டிசம்பரில் மலையகக் கட்சித் தலைவர்களான திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் அரசாங்கத்தை விட்டு எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேன பக்கம் போனார்கள். இ.தொ.கா. மஹிந்த ராஜபக்ஷவோடு நின்றது. 2015 ஜனவரி 8இல் பதுளை மாவட்டம் கொடுத்த தீர்ப்பு இது: சிறிசேனவுக்கு 249,524, ராஜபக்ஷவுக்கு 249,243. வித்தியாசம் 281 வாக்கு.

ஒரு டிவிஷனின் நான்கைந்து லயத்து வாக்கு அவ்வளவுதான் வரும். மாகாணத் தேர்தலில் வெற்றிலை 11,000 வாக்கு முன்னால் நின்ற அதே மாவட்டம், மூன்றரை மாதத்தில் சிறிசேனவின் அன்னச் சின்னத்தின் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது. இடையில் நடந்தவை பல, மீரியபெத்தையும் அதிலொன்று. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் ஹரின் இறங்கி வந்து பதுளையில் காட்டிய வாக்கு, ‘இந்த அரசாங்கத்தைத் தோற்கடிக்கலாம்’ என்ற எண்ணத்தை நாட்டுக்குக் கொடுத்தது என்பது என் கணிப்பு. மாகாண எதிர்க்கட்சித் தலைவராக அவர் சாதித்ததில் பெரியது சபைக்கு வெளியே நடந்தது.

பிறகு எல்லாம் தலைகீழ். கொழும்பில் ஆட்சி மாறிய ஒரு வாரத்துக்குள் ஊவாவில் ஆளும் தரப்பிலிருந்து சிலர் பக்கம் மாறினார்கள். 34இல் பெரும்பான்மைக்கு 18 வேண்டும், எதிரணியிடம் இருந்தது 15, மூன்று பேர் நகர்ந்தால் போதும். ஜனவரி நடுப்பகுதியில் ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சராகச் சத்தியப்பிரமாணம் செய்தார்.

இதில் சட்டப் பக்கம் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, சபையில் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு உண்டென்று ஆளுநர் கருதுகிறாரோ அவரே முதலமைச்சர். ஆனால் உறுப்பினரில் அரைவாசிக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவராக இருந்தால், சபையில் அந்தக் கட்சியின் தலைவரைத்தான் நியமிக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. மக்கள் தேர்ந்தது கூட்டமைப்பின் 19 பேரை. நபர்கள் இடம் மாறினார்கள், வாக்குச்சீட்டு மாறவில்லை. ஐ.தே.க.வுக்கு வாக்களித்த வீட்டில் பிறந்தவன் நான். எனக்கும் அது உறுத்தியது. தேர்தலில் தோற்ற நாற்காலியைத் தேர்தல் இல்லாமல் பிடிப்பதை, மற்றவன் செய்தால் கட்சித் தாவல் என்போம், நம்மவன் செய்தால் மாற்றம் என்போம்.

லயத்தில் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. வெடி போட்டார்கள். வேலாயுதம் பெருந்தோட்ட இராஜாங்க அமைச்சரானார். பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: “வட்டத்துக்காரரு வந்துட்டாருல்ல, இனி ரோட்டு வருமா?”

ஏழெட்டு மாதம்

முதலமைச்சர் ஹரினைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை, ஏனென்றால் அவர் நீண்ட நாள் இருக்கவில்லை. ஆகஸ்டில் பொதுத் தேர்தல் வந்தது. 200,806 விருப்பு வாக்குடன் மறுபடி பாராளுமன்றம் போனார், தொலைத்தொடர்பு மற்றும் டிஜிட்டல் உட்கட்டமைப்பு அமைச்சரானார். அதே பட்டியலில் வடிவேல் சுரேஷும் அ. அரவிந்தகுமாரும் வென்றதால் பதுளைக்கு இரண்டு தமிழ் உறுப்பினர் கிடைத்தனர். யானையின் பட்டியலுக்கு ஒரு பெரிய இழுவிசை இருந்ததால்தான் அந்த இரண்டும் வந்தன, அதை மறுக்க மாட்டேன்.

ஊவா முதலமைச்சர் நாற்காலி கூட்டமைப்பின் சாமர சம்பத் தசநாயக்கவிடம் போனது. மக்கள் வட்டம் போட்டவர் கொழும்பில், மாகாணம் பழைய கையில். 2018 ஜனவரியில், பதுளையில் ஒரு தமிழ் மகளிர் பாடசாலை அதிபரை முழந்தாளிட வைத்ததாக முதலமைச்சர் மீது புகார் எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. மாகாண சபைக்கு அதிகாரமில்லை என்று நாம் பொதுவாகப் புலம்புவோம். பாடசாலைகள் மீது அதற்கு இருந்த பிடி எவ்வளவு நெருக்கமானது என்பதை அந்தப் புகார்தான் பலருக்கும் காட்டியது. அப்படியொரு நேரத்தில் சபையில் எழுந்து கேட்கத்தான் எதிர்க்கட்சி. பதுளையில் 173,993 பேர் நம்பி அனுப்பிய குரல் அப்போது அந்தச் சபையில் இல்லை.

இதுதான் இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த மையம். ஹரின் மீது தனிப்பட்ட குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஊவாவில் கெட்டிக்கார எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் வந்தால், அவனுக்கு முன்னால் உள்ள படிகள் எல்லாம் கொழும்பை நோக்கியே போகின்றன. பதுளைதான் மலைநாட்டு ரயில் பாதையின் கடைசி நிலையம். அங்கே ஏறினால் போகிற திசை ஒன்றுதான். மாகாண எதிர்வரிசையில் ஐந்து வருடம் உட்கார்ந்து, வலயக் கல்விப் பணிமனைக் கணக்கையும் மாகாண வீதிக் கணக்கையும் துருவிக்கொண்டிருக்க ஒருவனுக்கு என்ன பலன்? அடுத்த தேர்தலில் வாக்குத் தருவது கணக்கைத் துருவியதற்கா, தகரம் வாங்கிக் கொடுத்ததற்கா? நாமே விடை சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிந்திய பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்சி உடைந்தபோது ஐக்கிய மக்கள் சக்தியோடு போனார், 2020இல் அதன் தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் நுழைந்தார். 2022 மே மாதம், பொருளாதார நெருக்கடியில் நாடு வரிசையில் நின்ற நேரத்தில், எதிர்க்கட்சியை விட்டு அரசாங்கத்தில் அமைச்சரானார். துறை: சுற்றுலாவும் காணியும். காணி! மீரியபெத்தையில் எது இல்லாமல் ஆட்கள் செத்தார்களோ அதே காணி. எட்டு வருடத்துக்கு முன் அந்த அமைச்சு அவர் கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கையில் வந்தபோது நாட்டில் காசு இல்லை, காலமும் இல்லை. கட்சி அவரை நீக்கியது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க ஆசனம் போனது. அந்த நவம்பரில் பதுளையில் புதிய ஜனநாயக முன்னணியின் சிலிண்டர் சின்னத்தில் நின்றார். தேசிய மக்கள் சக்தி 9இல் 6ஐ எடுத்துக்கொண்டது, சிலிண்டருக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வென்றவர் சாமர சம்பத் தசநாயக்க. 2015இல் ஹரினுக்குப் பின் ஊவா நாற்காலியில் உட்கார்ந்த அதே ஆள். அரசியலில் இப்படியும் ஒரு கணக்குத் தீர்க்கும் விதம் உண்டுபோல.

திரும்பி வர நாற்காலி இல்லை

பழைய காலமென்றால் தோற்றவர் மறுபடி மாகாணத்துக்கு இறங்கலாம். இப்போது இறங்க இடமில்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி கலப்பு முறைக்கு மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்தவர்களே கையை உயர்த்தவில்லை. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், ஒவ்வொரு சபையாகக் காலம் முடிந்து கலைந்தது. கடைசியாக 2019இல் ஊவா. அதிலிருந்து ஆளுநரே எல்லாம். ஊவாவில் மாகாண அமைச்சராக இருந்த செந்தில் தொண்டமான் 2023இல் கிழக்கு மாகாண ஆளுநரானார். தேர்தலில் வென்று அமைச்சரானவருக்கு, தேர்தலே இல்லாத மாகாணத்தில் அதைவிடப் பெரிய நாற்காலி.

தோட்டத்துக்கு இதில் ஒரு தனி நட்டம் இருக்கிறது, அதைப் பேசுவோர் குறைவு. பாராளுமன்றத்துக்குப் பதுளையிலிருந்து ஒன்றிரண்டு தமிழர் போகலாம். 2024இல் அம்பிகா சாமுவேல் போனார். நுவரெலியாவிலிருந்து போன கிருஷ்ணன் கலைச்செல்வியும் அவரும் மலையகத் தமிழ்ப் பெண்களில் முதல் பாராளுமன்ற உறுப்பினர்கள். ஆனால் 34 ஆசன மாகாண சபையில் தமிழ்ப் பிள்ளை ஒருவன் முப்பது வயதில் நுழைந்து, சபை நடப்பைக் கற்று, சிங்களத்தில் வாதாடப் பழகி, பிறகு மேலே போகும் வழி ஒன்று இருந்தது. ஆளும் பக்கமாக இருந்தாலென்ன, எதிர்ப்பக்கமாக இருந்தாலென்ன, அது ஒரு பயிற்சிக் களம். இப்போது தோட்டத் தலைவரிலிருந்து பிரதேச சபைக்குப் போகலாம், அதற்குமேல் நேரே பாராளுமன்றம். நடுவில் படி உடைந்திருக்கிறது. இ.தொ.கா.விலும் மலையக மக்கள் முன்னணியிலும் இருக்கும் இளைஞர்களிடம் பேசினால் ‘முன்னாள் மாகாண சபை உறுப்பினர்’ என்ற அட்டையோடு ஏழெட்டு வருடம் திரிபவர்களைக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரிப்பு அவ்வளவு சந்தோஷமான சிரிப்பாக இல்லை.

வித்தியாலயத்துக்கு இந்த வருடம் மறுபடி ஒரு கடிதம். மதில் நிற்கிறது, இம்முறை கழிப்பறை. அதே பஸ் நிலையப் பக்கம், அதே ஆள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. 2014 கடிதத்தின் போட்டோ கொப்பியைக் கொடுத்து, இதே மாதிரி அடிங்கண்ணே என்றேன். ‘பிரதி’க்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முதலமைச்சர் என்றிருந்த இடத்தில் ஆளுநர் என்று அடித்தார். மாகாணக் கல்வி அமைச்சர் இருந்த இடத்தில் மாகாணக் கல்விச் செயலாளர். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“இது யாருக்கு தம்பி இப்ப?”

“யாரும் இல்லண்ணே.”

வரியை அழித்துவிட்டு, வலயக் கல்விப் பணிப்பாளரை ஒரு வரி மேலே ஏற்றினார்.